பார்த்து எழுதும் ஓவியம்

(வல்லார்பாடத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். அதனைச் செவ்வனே பேசவல்ல அறிஞர்கள் எமக்கு முன்னரே பேசி அமர்ந்துவிட்டனர். எமக்கு இட்ட பணி வேறு. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எண்ணெய் வண்ண ஓவியம் பழகும் இளைஞர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்று செயலாளர் பணித்தார். அவ்வகுப்பை நடத்தும் நாங்கள் இருவரும் கலந்து எழுதிய உரையே இது. ஆதலின் 'யாம்' என்றே பேசுகின்றோம்.

அவ்வகுப்பைப் பற்றி மூத்தோர் சிலர் ஒரு வினா எழுப்பியுள்ளனர். அவ்வினாவை மறைக்காமல் இங்கேயே எடுத்துரைப்பது நேர்மையாகும். "ஊரை விட்டு வந்து, சுமை தூக்கியும், கணக்கு எழுதியும், கடை வைத்தும் பிழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், ஓய்வு நாளில் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய தெருப் படத்தைப் பார்த்து மீண்டும் எழுதிக் கொண்டிருப்பதால் விளையும் பயன் யாது? பிறர் படத்தைப் பார்த்து எழுதுவது கலையா, களவா? அந்த அறையைச் சாமான் வைக்கும் அறையாக்கினால் சங்கத்திற்கு வாடகையாவது மிஞ்சுமே!" இதுவே வினா. கேட்டவர்கள் பகைவர் அல்லர். சங்கத்தின் பணத்தை எண்ணிப் பார்ப்பவர்கள். ஆதலின் அவர்களுக்கு விடை கூறுவது எம் கடமை.

விடையைத் தேடித் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. இதே கேரள நாட்டில், திருவனந்தபுரத்து அரண்மனையில் அது கிடைக்கின்றது. சுவாதித் திருநாள் மகாராஜா 1829 முதல் 1846 வரை அரசாண்ட காலத்தில், மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியர் அவ்வரசவையில் சிறப்புற்றிருந்தார். கிளிமானூர் ராஜராஜ வர்மா என்பவர் அவரிடம் ஓவியம் பயின்றார். அந்த ராஜராஜ வர்மாவின் மருமகனே 1848-இல் பிறந்த ரவி வர்மா. தம் மருமகன் சுவரிலெல்லாம் கரியால் படம் எழுதுவதைக் கண்ட மாமன், 1862-இல் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் சேர்த்தார். அப்போது ரவி வர்மாவுக்கு வயது 14.

பிள்ளைக்குத் திறமை இருந்தது. அரசரின் ஆதரவும் இருந்தது. இல்லாதது ஒன்றே. எண்ணெய் வண்ணத்தை எவ்வாறு கலப்பது, எவ்வாறு பூசுவது என்று சொல்லித் தருவார் இல்லை. அந்நாளில் அரண்மனையில் அதனை அறிந்தவர் ராமசாமி நாயக்கர் என்னும் ஓவியர். அவர் இளைஞருக்குக் கற்பிக்க மறுத்துவிட்டார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவ ஓவியர் அரச குடும்பத்தாரின் படங்களை எழுத வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். ஒரு கதவு அடைபட்டது. மற்றொரு கதவு பாதி திறந்தது. மூன்றாவது கதவைத் திறந்தவர் யார் என்பதே நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. நாயக்கரின் மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை என்பவர், தம் ஆசிரியர் அறியாமல் இரவு நேரத்தில் வந்து, தாம் அறிந்ததை ரவி வர்மாவுக்குக் காட்டிக் கொடுத்தார் என்கின்றன நூல்கள்.

அன்பர்களே, 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னாவிலும் பரிசு பெற்ற ரவி வர்மாவை உலகம் அறியும். 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த திருமகள், கலைமகள் படங்கள் ஏறாத வீட்டுச் சுவர் அரிது. ஆயின் அந்த ஆறுமுகம் பிள்ளையின் பெயரை அறிந்தவர் இந்த அவையில் எத்தனை பேர்? மலையாள நாட்டின் பெரும் ஓவியருக்கு வண்ணக் கலவை காட்டிய கை ஒரு தமிழ்க் கை. அது கற்பித்தது எவ்வாறு? செய்முறையைச் செய்து காட்டியது. பார்த்தவர் அவ்வாறே செய்து பழகினார். பார்த்துச் செய்தலே அன்று பள்ளிக்கூடம்.

நம் பழைய மரபும் இதுவே. தச்சனும் தட்டானும் சிற்பியும் ஆசானின் கையைப் பார்த்தே கற்றனர். குருவாயூர்க் கோயிலில் 1970-இல் ஏற்பட்ட தீயில் சுவரோவியங்கள் அழிந்தன. அவற்றை மீண்டும் எழுதுவதற்கு, பழைய கோட்டு மரபை ஆசானிடம் பார்த்துப் பழகிய கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் மேலும் பெருக வேண்டும் என்றே 1989-இல் அங்கே சுவரோவியப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்த்து எழுதும் பழக்கம் அற்றுப் போயிருந்தால், எரிந்தது எரிந்ததாகவே போயிருக்கும்.

"சாமி படம் சரி, தெருப் படத்துக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று கேட்கலாம். உறவு உண்டு. நம் பாட்டன்மார் கண்ட நாடகங்களை நினைவு கூருங்கள். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் செல்லும்போது வண்டியில் ஏற்றிச் சென்றவற்றுள் முதன்மையானவை படுதாக்கள். தர்பார்ப் படுதா, காட்டுப் படுதா, தோட்டப் படுதா, இவற்றோடு தெருப் படுதா ஒன்றும் கட்டாயம் இருக்கும். இரு மருங்கும் வீட்டு வரிசை. அது போகப் போகச் சிறுத்து நடுவில் ஒரு புள்ளியில் சென்று மறையும். பார்சி நாடகக் கம்பெனிகளின் படுதாக்களைப் பார்த்தே நம்மவர் இதனைப் பழகினர். அத்தெருவில் மனிதரை எழுதமாட்டார்கள். நடிகரே அங்கு மனிதர். நடிகர் படுதாவை ஒட்டி நின்றால் வீட்டைவிட உயரமாகத் தோன்றிவிடுவார். ஆதலின் சற்று முன்னரே நின்று பேசுவார். தொலைவுக் காட்சி விதியைத் தமிழ் நாட்டுப் பாமர மக்களுக்குக் கற்பித்த முதற் பாடநூல் இந்தத் தெருப் படுதாவே என்பது எம் எண்ணம். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத்திற்குப் படுதா எழுதி, பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி மாணாக்கர் பலரை ஆக்கிய கொண்டையராஜு (1898–1976) அவர்களின் நாட்காட்டிப் படங்களை நீங்கள் அறிவீர்கள். அவருடைய மாணாக்கரும் அவரை அடியொற்றி எழுதியே கைதேர்ந்தனர்.

இனி, எம் வகுப்பில் பார்த்து எழுதும் படத்திற்கு வருவோம். அதனை எழுதியவர் குஸ்தாவ் கய்யபோத் என்னும் பிரெஞ்சு ஓவியர். அவரும் ரவி வர்மாவைப் போன்றே 1848-இல் பிறந்தவர். 1877-இல் எழுதிய அப்படத்திற்கு 'பாரிஸ் தெரு, மழை நாள்' என்பது பெயர். அது இப்போது அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. உயரம் 212 சென்டிமீட்டர், அகலம் 276 சென்டிமீட்டர். ஒரு சிறிய அறையின் சுவரையே மறைத்துவிடும் அளவு. தெருக்கள் கூடும் சந்தியொன்றில் மழை பெய்கின்றது. நடுவில் ஒரு விளக்குக் கம்பம் நின்று படத்தை இரண்டாகப் பகுக்கின்றது. வலப்புறம் கணவனும் மனைவியும் ஒரே குடையின் கீழ் நம்மை நோக்கி நடந்து வருகின்றனர். இடப்புறம் நனைந்த கல் பாவிய தரை பளபளக்கின்றது. எங்கும் குடைகள்.

மழையும் குடையும் நனைந்த தெருவும்! ஆனி, ஆடித் திங்களில் மட்டாஞ்சேரிக் கடைத் தெருவில் நின்று பார்த்தவர்க்கு இக்காட்சி அயலானதா? மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலை வாயில்களில் குடை பிடித்துச் செல்லும் கூட்டத்தை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோமன்றோ? ஆதலினாலேயே இப்படத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

பிரெஞ்சுக்காரர் படம் என்று தயங்குவோர்க்கு, நாம் கூடியிருக்கும் இந்தத் தீவின் கதையே விடை கூறும். 1524-இல் போர்ச்சுகீசியர் கடல் கடந்து கொணர்ந்த அன்னை மரியின் படம் இங்குள்ள கோயிலில் வைக்கப்பட்டது. 1676-இல் வெள்ளத்தில் கோயில் இடிந்தபோது காயலில் மிதந்த அப்படத்தை மீட்டெடுத்தவர் கொச்சி அரசின் அமைச்சரான பாலியத்து அச்சன் என்பது இவ்வூர் வழக்கு. கடல் கடந்து வந்த படத்தை வேற்று மதத்தார் ஒருவர் நீரிலிருந்து எடுத்துக் காத்தார். படமும் இவ்வூருடையது ஆயிற்று. போற்றி வைத்துக் கொள்பவர்க்கே படம் உரியதாகின்றது.

பார்த்து எழுதும்போது மாணாக்கர் எதனைக் கற்கின்றனர் என்பதைச் சிறிது விரித்துரைக்க இசைவு தாருங்கள்.

முதற்பாடம் அளவு. மூலத்தின் நான்கில் ஒரு பங்காக, 53-க்கு 69 சென்டிமீட்டர் அளவில் கித்தானைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து உலர்த்துகின்றோம். அச்சுப் படத்திலும் கித்தானிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இடுகின்றோம். கட்டத்திற்குள் உள்ளதை மட்டும் பார்க்கப் பழகும்போது, "இது மூக்கு, இது குடை" என்னும் முன்முடிவு கண்ணை விட்டு நீங்குகின்றது. உள்ளது உள்ளவாறு தெரிகின்றது.

இரண்டாம் பாடம் கண்மட்டக் கோடு. சமதரையில் நாம் நிற்கும்போது, நம்மையொத்த உயரமுடைய மனிதர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், அவர்தம் தலைகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமையும். பாதங்கள் மட்டுமே மேலேறிச் செல்லும். இவ்வுண்மையை வாயால் நூறு முறை சொன்னாலும் மாணவர் மனத்தில் தங்குவதில்லை. இப்படத்திலுள்ள மனிதர்களை ஒவ்வொருவராக எழுதும்போது தானே விளங்கிவிடுகின்றது. பிறகு கடைத் தெருவிற்குச் சென்றால் அங்கும் அதே கோடு தெரிகின்றது.

மூன்றாம் பாடம் ஒளியும் நிழலும். வண்ணம் தொடுமுன், பழுப்பு வண்ணம் ஒன்றையே டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, படம் முழுவதையும் வெளிச்சம், இடைநிலை, இருள் என மூவகையாகப் பகுத்து எழுதுகின்றோம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இம்மூன்றுமே எஞ்சும்.

நான்காம் பாடம் எண்ணெயின் இயல்பு. நீர் வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கின்றது. எண்ணெய் வண்ணம் அவ்வாறன்று. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகின்றது. ஆதலின் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாற்றிச் செய்தால், மேலே உலர்ந்தும் கீழே உலராமலும் இருந்து நாளடைவில் வெடிப்பு விழும். இக்கொச்சிக் காயலின் ஈரக் காற்றில் உலர்வதற்கு இன்னும் நாளாகும், பூஞ்சையும் பிடிக்கும். பொறுமையை இவ்வளவு நன்றாகக் கற்பிக்கும் ஆசான் வேறில்லை. ஒரு முன்னறிவிப்பும் உண்டு. ஆளி எண்ணெய் தோய்ந்த கந்தல் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். ஆதலின் வகுப்பு முடிந்தவுடன் துணிகளை நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் இடுகின்றோம். சங்கக் கட்டடத்தைப் பற்றிக் கவலையுறும் பெரியோர் இதனை அறிந்து அமைதி கொள்வாராக.

ஐந்தாம் பாடம் சாம்பல் நிறம். நனைந்த கல் தரையைச் சாம்பல் என்று ஒரு சொல்லில் கூறிவிடுகின்றோம். எழுதத் தொடங்கினால் ஒரு கல்லில் மஞ்சள் சாயல், அடுத்ததில் நீலச் சாயல், மற்றொன்றில் ஊதாச் சாயல். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பூசியவர்க்குத் தரை சிமெண்டாகவே நிற்கும், அது நனையாது.

ஆறாவது பாடத்தை யாம் கற்பிக்கவில்லை, மாணாக்கரே கண்டனர். கணவன் மனைவிக்குப் பின்னால், தெருவின் அப்பாலே, ஏணியைச் சுமந்து செல்லும் தொழிலாளி ஒருவர் இருக்கின்றார். குடை ஒன்று அவரைப் பாதி மறைத்துவிடுகின்றது. வாயிற்படியில் ஒரு பணிப்பெண்ணும் நிற்கின்றாள். படத்தைப் பார்த்து மகிழ்பவர் கண்ணில் பட்டுத் தொப்பியும், முகத்திரையும், காதணியும் படும், ஏணிக்காரர் படமாட்டார். ஆயின் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதுபவர் அவரை விட்டுவிட முடியாது. அவர் நிற்கும் கட்டம் வந்தே தீரும். பார்த்தல் வேறு, பார்த்து எழுதுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நம் பிள்ளைகளின் தந்தையர் பலர் ஏணி சுமப்பவர்கள், மூட்டை சுமப்பவர்கள். ஒரு பெரிய படத்தின் மூலையிலே அவர்களைப் போன்ற ஒருவர் நடந்து செல்வதை அவர்களே கண்டெடுத்தனர்.

இனிக் களவு என்னும் குற்றச்சாட்டு. இதனை எளிதாகத் தள்ளிவிட யாம் விரும்பவில்லை. ஏனெனில் பார்த்து எழுதுதல் களவாக மாறும் எல்லை ஒன்று உண்மையிலேயே உண்டு. 1793-இல் திறக்கப்பட்ட பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில், இன்றும் இசைவு பெற்றவர்கள் சட்டத்தை நிறுத்தி மூலப் படங்களைப் பார்த்து எழுதுகின்றனர். ஆயின் அங்கே விதிகள் உண்டு. படியின் அளவு மூலத்தின் அளவோடு ஒத்திருத்தல் கூடாது. மூல ஓவியரின் கையொப்பத்தைப் பெயர்த்து எழுதுதல் கூடாது. நம் நாட்டுச் சட்டத்திலும் ஓவியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை உரிமை காக்கப்படுகின்றது. கய்யபோத் 1894-இல் மறைந்தவர், ஆதலின் தடையில்லை. எம் வகுப்பின் விதி இது: படியின் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயரும் ஆண்டும் எழுதி, "இதனைப் பார்த்து எழுதியவர்" என்று மாணாக்கர் தம் பெயரை இடுதல் வேண்டும். உயிரோடிருக்கும் ஓவியரின் படத்தைப் பார்த்து எழுதி விற்றல் கூடாது. கடன் வாங்கியதை ஒப்புக்கொள்பவன் கள்வன் ஆகான்.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். பார்த்து எழுதுதல் கையைப் பழக்கும், கண்ணைத் திறக்கும். ஆயின் எதனை எழுத வேண்டும் என்று தெரிந்தெடுக்க அது கற்பிக்காது. அத்தெரிவைக் கய்யபோத்தே நமக்காக முன்னரே செய்துவிட்டார். அவர் அச்சந்தியில் நின்று, வரைகோட்டுப் படங்களும் வண்ண முன்வரைவும் பல எழுதிப் பார்த்த பின்னரே அந்தக் கம்பத்தை நடுவில் நிறுத்தினார். அந்த உழைப்பை நாம் இரவலாகப் பெறலாம். என்றும் இரவலிலே வாழலாகாது. ஒரு படி முடிந்தவுடன் மாணாக்கர் கோட்டுப் புத்தகத்துடன் வெளியே செல்ல வேண்டும் என்பதே எம் திட்டம்.

எங்கே செல்வது? 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வரும் வரை இத்தீவுக்குப் படகே வழி. 2011-இல் இங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் தொடங்கிய பின்னர், வானளாவிய பாரந்தூக்கிகளும் லாரி வரிசைகளும் நம் அன்றாடக் காட்சியாகிவிட்டன. அந்த லாரிகளை ஓட்டி வருவோரில் நம்மவர் எத்தனை பேர்! போர்ட் கொச்சியின் சலவைத் துறையில், டச்சுக்காரர் காலத்தில் தமிழ் நாட்டிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் துணி வெளுத்துக் கயிற்றில் உலர்த்துகின்றனர். 2012 முதல் கொச்சியில் நடைபெறும் பியனாலே கண்காட்சிக்காக உலகத்து ஓவியரெல்லாம் மட்டாஞ்சேரித் தெருக்களுக்கு வருகின்றனர். வந்தவர்கள் நம்மைப் பார்த்துச் செல்கின்றனர். நம்மை நாமே எழுதிக் காட்டும் நாள் எப்போது? அந்நாள் வருவதற்கே இப்போது கை பழகுகின்றது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். ஞாயிறு வகுப்பை நிறுத்தலாம் என்று எண்ணும் பெரியோர், அதனை நிறுத்தாமல் காத்தருளல் வேண்டும். அது மட்டுமன்று, இரவு ஏழு மணிக்கு மேல் வாரத்தில் ஒரு நாளேனும் அவ்வறையின் விளக்கு எரிய இசைவு தருதல் வேண்டும். பண்டகசாலையிலும் துறைமுகத்திலும் பகலெல்லாம் உழைக்கும் இளைஞர் நால்வர் கற்க விரும்பி எம்மிடம் வந்துள்ளனர். ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கு ஓய்வில்லை. அவர்களுக்கு இரவு ஒன்றே உண்டு.

ஆறுமுகம் பிள்ளை இரவிலே ஒளிந்து வந்து கற்பித்தார். ஏனெனில் அன்று கலை ஒரு சிலரின் பூட்டிய பெட்டியாக இருந்தது. நமக்கு ஒளிந்து வர வேண்டிய தேவை இல்லை. திறவுகோல் நம் செயற்குழுவின் கையிலேயே உள்ளது. அறை வாடகையால் வரும் வருவாய் எவ்வளவு என்று கணக்கிடுவது எளிது. அறையை அடைத்தால் எந்த இளைஞரின் கை பழகாமலே போகும் என்று கணக்கிடுவார் யார்? இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்யுமாறு அவையோரை வேண்டிக்கொண்டு எம் உரையை முடிக்கின்றோம். எழுதி முடித்த படிகள் ஆறு, மண்டபத்தின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளன. வெளியே செல்லும்போது ஒவ்வொன்றிலும் அந்த ஏணிக்காரரைத் தேடிப் பாருங்கள்.